தொண்டு செய்யும் மாணவரும் துயிலும் அரசும்

மாணவர்கள் தொண்டு செய்ய வேண்டும், தொண்டினால் ஆளுமை வளரும், மூத்தோர் வழிகாட்ட வேண்டும், ஆராயும் மனப்பான்மை பெருக வேண்டும் என்றெல்லாம் மேடைதோறும் முழங்குவது இன்று ஒரு மோஸ்தராகிவிட்டது. பரிசளிப்பு விழாவுக்கு வரும் அமைச்சர் இதைச் சொல்கிறார். அவருக்கு மாலையிடும் அதிபரும் இதையே சொல்கிறார். நாம் மறுக்கவில்லை. மறுக்க யாரால் முடியும்? ஆனால் எந்த மாணவன், எங்கே, யாருக்குத் தொண்டு செய்கிறான், அவனுக்கு வழிகாட்டுவார் யார், அவன் ஆராயப் புகும் கல்விக்கூடத்தின் கதவு அவனுக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியதும் மேடையில் இருப்போர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகின்றனர். அக்கேள்விகளைக் குண்டசாலையில் நின்று கேட்க விரும்புகிறோம்.

ஏன் குண்டசாலை? கண்டி நகருக்குக் கிழக்கே மகாவலியை அண்டிக் கிடக்கும் இவ்வூரில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையாலேயே, 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் 'குண்டசாலை அரசன்' என்று பெயர் பெற்றான். மதுரையிலிருந்து மணம் முடித்தவன் அவன். அவனுக்குப் பின் கண்டி அரியணை நாயக்கர் வழிக்குச் சென்றது. இன்று இவ்வூரின் பெயரைக் கேட்டதும் கமக்காரருக்கு நினைவு வருவது விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் விவசாயக் கல்லூரி. ஒரு காலத்தில் அது பெண்களுக்கான பண்ணைப் பாடசாலையாக விளங்கியது. அணித்தே தொடங்கொல்லையில் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் பரிசோதனைப் பண்ணை உண்டு. பல்லேகலையில் 2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கென எழுப்பிய துடுப்பாட்ட மைதானமும் உண்டு. ஆக, கல்விக்கும் விளையாட்டுக்கும் நிலமும் நிதியும் இப்பகுதிக்கு வராமல் இல்லை.

நரேந்திரசிங்கன் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். பௌத்த சங்கம் சீர்குலைந்து, முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்கு ஒருவரேனும் நாட்டில் எஞ்சாத காலம் அது. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் இளஞ் சாமணேரர் பாலி மொழியை முறையாகக் கற்க விரும்பினார். கற்பிக்கத் தக்க துறவிகள் கிடைக்கவில்லை. இலக்கணம் அறிந்தவராக எஞ்சியிருந்த லெவுகே என்னும் பிரதானி ஓர் இல்லறத்தார். அரச கோபத்துக்கு ஆளாகி அலுத்நுவரையிற் காவலில் இருந்தவர். காவி உடுத்த இளைஞர் அந்தக் கைதியிடம் போய்ப் பாடம் கேட்டார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் தம்மைப் போன்ற இளைஞரைச் சேர்த்துக் கற்பித்தார். அந்தச் சிறு கூட்டத்தின் முயற்சியே வளர்ந்து, தமிழ் பேசும் குலத்தில் வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கனின் ஆட்சியில், 1753 இற் சீயத்துப் பிக்குமாரை வரவழைத்து உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியது. அறிவு இருக்கும் இடத்தைத் தேடிப் போனான் மாணவன். அந்த இடம் சிறையா, மாளிகையா என்று அவன் பார்க்கவில்லை.

இதே மகாவலிக் கரையில், இருநூறு ஆண்டுகள் கழித்து, இன்னொரு கல்விக்கூடம் எழுந்தது. 1952 முதற் பேராதனையில் இயங்கத் தொடங்கிய பல்கலைக்கழகத்தை 1954 இல் எடின்பரோக் கோமகன் திறந்து வைத்தபோது, அது வழமையிலும் அதிகமாகத் திறந்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அன்று கட்டடவேலை முடிந்திருக்கவில்லை. அந்த வேடிக்கைச் சொல்லை ஏதோ வேதவாக்குப் போல இன்றும் அங்கே போற்றுகிறார்கள். யாருக்குத் திறந்திருந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம். ஆனால் அந்தத் தொடக்க காலத்தில் அங்கே உண்மையான கல்வி நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பேராசிரியர் சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். அதற்கு முன் அவர் செய்தது என்ன? பட்டமேதும் பெறாத சார்ள்ஸ் சில்வா குருன்னான்சே என்னும் நாட்டுக்கூத்து ஆசானைத் தேடிப் பிடித்தார். தமிழ்த்துறையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணக் கிராமங்களுக்குப் போய் அண்ணாவிமாரைக் கண்டார்; படித்தவர்கள் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய கூத்தை அறுபதுகளிற் பேராதனை மேடைக்குக் கொண்டு வந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என அடுத்தடுத்து வந்தவை அனைத்தும் மாணவர் ஆடியவை. அம்மாணவருள் ஒருவர் மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுரு. கிராமத்திற் கண்டு வளர்ந்த கூத்தைப் பல்கலைக்கழகத்திற் பேராசானின் கீழ் ஆடினார். பிறகு அதனையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார், பேராசிரியரானார், தம் மாணவரைக் கொண்டு அதே இராவணேசனை மீண்டும் ஆடுவித்தார்.

இங்கே தொண்டு செய்தவர் யார், பெற்றவர் யார்? பல்கலைக்கழகம் கிராமத்துக்கு அறிவைப் பிச்சையிட்டதா? இல்லை. கிராமத்து அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குக் கற்பித்தார். மாணவன் இருவருக்கும் நடுவே நின்று வளர்ந்தான். பட்டதாரி மேலே நின்று கொடுக்க, பாமரன் கீழே நின்று வாங்கிக்கொள்வதுதான் தொண்டு என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன 1958 டிசம்பரிற் கனத்தொலுவை என்னும் கிராமத்துக்குத் தம் மாணவரை அழைத்துச் சென்றதும் இத்தகையதே. ஊரார் தீண்டத்தகாதோர் என ஒதுக்கிய மக்களோடு நகரத்துப் பிள்ளைகள் தங்கினர், உண்டனர், மண் வெட்டினர். சர்வோதய இயக்கம் அந்த முகாமிலிருந்து வளர்ந்தது. மலையகத்திலோ, ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் என்னும் ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நடத்திய வகுப்பு ஒரு தலைமுறையையே எழுப்பிவிட்டது. லயக் காம்பராவிற் பிறந்த பிள்ளை, தான் கூலியின் பிள்ளை என்று கூனாமல் எழுதவும் பேசவும் அவர் பழக்கினார். அந்த அறுபதுகளிலே தோட்டத்துத் தமிழருக்கு வாக்கில்லை, பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் அதனைப் பறித்திருந்தது. நாடற்றவரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாடாக இருந்தார்.

இனி இன்றைய நிலை. அண்மையில் ஒரு கமக்காரர் தம் மகனின் சான்றிதழ்க் கோவையை எம்மிடம் கொண்டு வந்து காட்டினார். இரத்ததான முகாமுக்கு ஒரு சான்றிதழ், கடற்கரை துப்புரவுக்கு ஒன்று, 'இளைஞர் தலைமைத்துவ' வகுப்புக்கு மூன்று, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. "ஐயா, இவை எதற்கு உதவும்?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவும் என்று மகன் சொன்னானாம். மகனை நாம் குறை சொல்லோம். அவன் நல்ல பிள்ளை, கேட்டதைக் கொடுக்கிறான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிற் பொறுக்கிய போத்தல்களைப் பற்றிச் சான்றிதழ் பேசுகிறது. அவன் வீட்டிலிருந்து பார்த்தாற் தெரியும் தோட்டத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றி அக்கோவையில் ஒரு வரியுமில்லை.

அந்தத் தோட்டத்துக்கே போவோம். கண்டி மாவட்டத்திலுள்ள லூல்கந்துரையில், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். இந்நாட்டின் தேயிலைத் தொழில் பிறந்த இடம் அது. அன்று தொட்டு இன்றுவரை அந்தச் செடியை நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்து, அதன் நோயையும் நலத்தையும் தொட்டுப் பார்த்தே சொல்லத் தக்கவராக இருப்போர் யார்? எம்மக்கள். அவர்களின் பிள்ளை குண்டசாலை விவசாயக் கல்லூரியிற் சேர வேண்டுமானால், உயர்தரத்தில் விஞ்ஞானமோ விவசாயமோ சார்ந்த பாடங்களிற் சித்தியெய்தியிருக்க வேண்டும். அப்பாடங்களைத் தமிழிற் கற்பிக்கும் வகுப்பு நடந்து போகும் தூரத்தில் எத்தனை தோட்டங்களுக்கு உண்டு? செடியோடு பிறந்த பிள்ளை செடியைப் பற்றிப் படிக்க முடியாமல் வாசலிலேயே நிற்கிறது. இதைவிடக் கொடிய நகைச்சுவை வேறென்ன வேண்டும்?

பல்கலைக்கழக அனுமதியிலோ இன்னொரு முடிச்சு இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடம் மாவட்டப் பங்குக்கும், 5 இடம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியாவும் பதுளையும் அப்பதினாறில் உண்டு. கண்டி இல்லை. கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பேறுகளைப் பார்த்துக் கண்டி முன்னேறிய மாவட்டம் என்று தீர்மானித்துவிட்டார்கள். எனவே கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயத்து விளக்கில் படிக்கும் பிள்ளை, மாவட்டப் பங்கிலும் அக்கல்லூரி மாணவரோடே போட்டியிட வேண்டும். மாவட்ட எல்லைக்கல்லுக்கு அப்பால், அதே தேயிலை, அதே லயம், அதே சம்பளம். ஆனால் அங்குள்ள பிள்ளைக்கு ஒரு சலுகை, இங்குள்ள பிள்ளைக்கு இல்லை. நுவரெலியாப் பிள்ளைக்குக் கிடைப்பதை நாம் பொறாமையோடு பார்க்கவில்லை. அது அவர்களுக்கு உரியது. போதாது என்றே சொல்வோம். எல்லைக்கல் வறுமையை அளக்கும் கோலாகுமா என்பதே எம் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27(2) ஆவது உறுப்புரையிலுள்ள கல்வி பற்றிய பிரிவு, எல்லா மட்டங்களிலும் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிப்படுத்துவது அரசின் நோக்கம் என்கிறது. இரண்டு உறுப்புரைகள் தாண்டி 29 ஆவது உறுப்புரை, இதனை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பதென்பது இதுதான். ஆயினும் கதவு முழுவதும் அடைபடவில்லை. பிரதேசப் பங்கீட்டை எதிர்த்து 1980 இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்த செனிவிரத்ன வழக்கில், அந்தப் பங்கீட்டை ஏற்ற நீதிமன்றம் மேற்படி கொள்கைக் கோட்பாடுகளை வழிகாட்டியாகக் கொண்டது. 12 ஆவது உறுப்புரை சமத்துவத்தை அடிப்படை உரிமையாக்குவதோடு, சிறுவர் முன்னேற்றத்துக்கெனச் சிறப்பு ஏற்பாடுகள் செய்வதையும் அனுமதிக்கிறது. அரசு மனம் வைத்தால், மாவட்டத்தை விட்டுப் பாடசாலையின் நிலையைப் பார்த்துச் சலுகை அளிக்கச் சட்டம் தடையாக நில்லாது. மனம் வைக்கவில்லை என்பதே உண்மை.

"அரசு செய்யாவிட்டால் என்ன, உங்கள் பல்கலைக்கழக மாணவர்களே வார இறுதியில் வந்து கற்பிக்கலாமே" என்கிறார்கள். நல்லது, வருகிறார்கள். பேராதனை மாணவர்கள் விடுமுறை நாட்களிலே தோட்டக் கோயில் மண்டபங்களிற் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். போற்றுகிறோம். நூறு பேருக்கு ஒரு முக்கோணத்தை விளங்கவைக்க முயலும்போதுதான் தனக்கே அது இதுவரை விளங்கவில்லை என்பதை ஒரு பொறியியல் மாணவன் உணர்கிறான். அது எந்த விரிவுரை மண்டபத்திலும் கிடையாத படிப்பு. ஆனால் அந்த மாணவனைக் காட்டி, ஆசிரியர் நியமனத்தை ஒத்திப்போடும் அதிகாரிகளை என்னவென்பது?

தொண்டைச் சுரண்டுவதில் இந்நாட்டுக்கு அனுபவம் உண்டு. வடக்கு கிழக்கிலே, யுத்த காலத்திற் பாடசாலைகளை மூடவிடாமல் காத்த தொண்டர் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காக ஊதியமின்றிக் கற்பித்தார்கள். இளமை கழிந்த பின், நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரத்திற் கொட்டகை போட்டு அமர வேண்டியதாயிற்று. மலையகத்தில் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு ஆசிரியரைச் சேர்ப்பதாக ஆரவாரம் செய்தார்கள். ஆசிரியர் என்ற பெயரில் அல்ல, 'ஆசிரிய உதவியாளர்' என்ற பெயரில், மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில்! பின்னர் அது 10,000 ஆயிற்று. அந்தப் பணத்தில் பஸ் கட்டணம் போக எஞ்சுவதைக் கொண்டு ஓர் இளைஞன் குடும்பம் நடத்துவானா? ஏனைய பாடசாலைகளுக்கு ஆசிரியர், எம் பிள்ளைகளுக்கு உதவியாளர்! மாணவனின் தொண்டு மாணவனை வளர்க்க வேண்டும். அரசின் கடனை அடைக்க அதனைப் பயன்படுத்துவது மோசடி.

மூத்தோர் வழிகாட்டுதல் பற்றியும் ஒரு வார்த்தை. பேராதனைக்குள் நுழையும் புதிய மாணவனுக்கு முதலில் வழிகாட்ட வருபவர் யார்? பகிடிவதை செய்யும் 'அண்ணன்மார்'. 1975 இல் இராமநாதன் விடுதியிற் பகிடிவதைக்கு அஞ்சிய மாணவி ஒருத்தி மாடியிலிருந்து குதித்து வாழ்நாள் முழுதும் முடமானாள். 1997 இற் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையினால் உயிரிழந்தார். அதன் பின்னரே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. எம்மவருக்கு இதைச் சற்று உரத்தே சொல்கிறோம்: ஊரிலிருந்து பயந்து வரும் தம்பியை முழந்தாளிற் போட்டு மரியாதை கற்பிப்பவன், நாளை நீதிமன்றத்திலோ மருத்துவமனையிலோ ஏழையை எப்படி நடத்துவான் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கு நூல்நிலையத்தில் எந்த அலுமாரியில் எந்த நூல் இருக்கிறது, எந்தப் பேராசிரியரின் கதவைத் தட்டலாம், மகாபொல விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக் கொடுப்பவனே அண்ணன்.

எம் அரசியல் அமைப்புகளும் சுத்தமல்ல. தேர்தல் வந்தாற் சுவரொட்டி ஒட்டவும், மே தினத்தில் பதாகை பிடிக்கவும் மாணவரைத் தேடுவோர், தேர்தல் முடிந்த மறுநாள் அவர்களின் முகத்தையே மறந்துவிடுகிறார்கள். மாணவர் உழைப்பால் நாற்காலி பெற்றவர் எத்தனை பேர் ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒரு விஞ்ஞானகூடம் கேட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்றார்கள்? எண்ணிப் பார்க்க ஒரு கை விரல்கள் போதும்.

குண்டசாலைக்கு மீண்டும் வருகிறோம். 2018 மார்ச்சில் இப்பிரதேசத்துத் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசு அவசரகாலச் சட்டம் பிறப்பித்தது. தீ வைத்தோரிலும் இளைஞர் இருந்தனர். அவர்களுக்கும் யாரோ 'வழிகாட்டி' இருந்தான். இளைஞனுக்கு நாம் வேலையும் ஆசானும் கொடுக்காவிட்டால், கொடுக்க வேறொருவன் காத்திருக்கிறான். சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே வரம்பில் நின்று ஒரு பருவம் நாற்று நட்டிருந்தால் அந்தத் தீ அவ்வளவு இலகுவிற் பற்றியிராது என்று நாம் நம்புகிறோம். அதற்கு வேண்டிய வயலும் பண்ணையும் குண்டசாலையிலேயே இருக்கின்றன.

எனவே பேராதனைப் பல்கலைக்கழக மூதவையிடம் நாம் கேட்பது, தோட்டப் பாடசாலைகளிற் கற்பித்தலையும் கமக்காரரோடு வேலை செய்தலையும் ஒரு சான்றிதழாக அல்லாமற் பாடநெறியின் ஓர் அலகாகவே ஏற்க வேண்டும் என்பது. அதற்கு ஒரு விரிவுரையாளர் பொறுப்பாக நிற்க வேண்டும். கவ்வாத்து வெட்டத் தெரிந்த தோட்டத்துப் பெரியவரையும் ஆசான் என்று மதித்து, அவருக்கு ஊதியம் கொடுத்து, மாணவர் முன்னே நிறுத்த வேண்டும். குருன்னான்சேயையும் அண்ணாவியாரையும் மதித்த பல்கலைக்கழகத்துக்கு இது புதிதன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்ட எல்லைக்குள் மறைந்து கிடக்கும் வறுமைக்கு வழி காண வேண்டும். கல்வி அமைச்சு கண்டி மாவட்டத் தோட்டத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியரை ஆசிரியர் என்ற பெயரிலேயே அனுப்ப வேண்டும்.

கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ணும் அளவுக்கு நாம் அப்பாவிகள் அல்லோம். முதலிற் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எடுக்கும் வேலையை எம் மாணவரிடமே ஒப்படைக்கிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுள் அதிகாரி சொல்லியாக வேண்டும். காரணம் கேட்க அவருக்கு உரிமையில்லை. இரண்டு மாணவர் ஒரு பாடசாலை வீதம் பொறுப்பேற்கட்டும். உயர்தர விஞ்ஞான வகுப்பு உண்டா, பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆசிரியர் எத்தனை பேர், கடந்த ஐந்தாண்டில் எத்தனை பிள்ளைகள் இடைவிலகினர், எத்தனை பேர் குண்டசாலைக்கும் பேராதனைக்கும் போயினர் என்ற நான்கு கேள்விகளை வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதட்டும். பதிலை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், பெற்றோரிடமும் அதிபரிடமும் கேட்டு ஒப்புநோக்கட்டும். பதிவேடும் நேரிற் கண்டதும் எங்கே மாறுபடுகின்றன என்பதை எழுதி வைப்பதே அவர்களின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை.

அடிப்படை உரிமை மனு, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியது. ஆகவே தகவல்கள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அடுத்த அனுமதிப் பட்டியல் வெளிவந்த பின் ஓடித் திரிவதிற் பயனில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாதோருக்கு எழுதிக் கொடுக்க எம் தொழிலைச் சேர்ந்த தமிழ்ச் சட்டத்தரணிகள் கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் மாதம் ஒரு சனிக்கிழமை ஒதுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். கட்டணம் வாங்கலாகாது. மாணவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.